வீடு எங்கே என்பதை யார் தீர்மானிப்பது?
திருச்சியில் ஏழைகளுக்கான வீட்டுத் திட்டங்களும் உள்ளாட்சியின் பொறுப்பும்

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், கள்ளிக்குடியில் ஒரு பெரிய காய்கறிச் சந்தை வளாகம் இருக்கிறது. காந்தி சந்தையின் நெரிசலைக் குறைப்பதற்காக அரசு சுமார் 77 கோடி ரூபாய் செலவில் அதைக் கட்டி 2017இல் திறந்தது. காந்தி சந்தை வியாபாரிகள் அங்கே போக மறுத்தார்கள். கடைகள் சிறியவை, தொலைவு அதிகம், சரக்கு வாங்க வருகிறவர்களுக்குப் போக்குவரத்து வசதி இல்லை என்று காரணம் சொன்னார்கள். சந்தை விவகாரம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. வளாகமோ பல ஆண்டுகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. வியாபாரிகளின் மறுப்பு கட்டடத்தின் உறுதியைப் பற்றியது அல்ல. இடத்தையும் அளவையும் பற்றியது. அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே கேட்டு, விடை கண்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை.

சந்தைக்கு நேர்ந்தது வீட்டுத் திட்டத்துக்கும் நேரலாம். ஆனால் அங்கே பாதிக்கப்படுகிறவர்களின் நிலை வேறு. வியாபாரிகளுக்குச் சங்கம் இருக்கிறது, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது, போக மாட்டோம் என்று சொல்லும் வலு இருக்கிறது. வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருக்கும் குடும்பத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை. சாமான்களை ஏற்ற லாரி வந்து நின்றால் அவர்கள் கிளம்பித்தான் ஆகவேண்டும். அதனால்தான் வீட்டுத் திட்டத்தில் முன்கூட்டிய ஆய்வு சந்தையைவிடப் பல மடங்கு அவசியமாகிறது.

திருச்சியில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதிலும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான வீட்டுத் திட்டம் பல அலுவலகங்களின் பரிசீலனையைக் கடந்தே வருகிறது. ஆனால் திட்டம் அமையும் இடம் அங்கே குடியேறப்போகிறவர்களின் பிழைப்புக்கு ஏற்றதுதானா என்று கேட்கும் பொறுப்பு அவற்றில் எதற்கும் தெளிவாக இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமையும் அதிகாரமும் மாநகராட்சி மாமன்றத்துக்கும் அதன் கீழுள்ள வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் வரவேண்டும். நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அதிகாரம் எங்கே தங்கியிருக்கிறது?

திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866இல் தோன்றியது. ஸ்ரீரங்கமும் பொன்மலையும் நெடுங்காலம் தனித்தனி நகராட்சிகளாக இருந்தன. 1994இல் மூன்றும் இணைந்து மாநகராட்சி ஆயின. இன்று அதில் 65 வார்டுகள் இருக்கின்றன. மாநகராட்சி ஆவதற்கு முந்தைய ஆண்டில்தான், 1993இல், அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. அத்துடன் சேர்ந்த 12ஆம் அட்டவணை நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. நகரத் திட்டமிடல், நிலப் பயன்பாட்டையும் கட்டுமானத்தையும் ஒழுங்குபடுத்துதல், குடிசைப் பகுதி மேம்பாடு, நகர்ப்புற வறுமை ஒழிப்பு ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. ஆக, திருச்சி மாநகராட்சி பிறந்தபோதே ஏழைகளின் குடியிருப்பு பற்றிப் பேசும் உரிமை அதற்கு ஏட்டளவில் இருந்தது.

நடைமுறை வேறு வழியில் போனது. ஏழைகளுக்கு வீடு கட்டும் வேலை மாநில வாரியத்திடம் இருந்தது. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970இல் அமைந்தது. அடுத்த ஆண்டு குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. முதலில் சென்னைக்குள் இயங்கிய வாரியம் 1984 முதல் படிப்படியாக மற்ற நகரங்களுக்கும் விரிந்தது. 2021இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. நிதியும் நெறிமுறைகளும் பெருமளவு தில்லியிலிருந்து வருகின்றன. 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று நகரங்களே தேர்வாயின. திருச்சி அந்தப் பட்டியலில் இல்லை. 2015இல் பிரதமரின் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2017இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருச்சி சேர்ந்தது.

திருச்சி ஸ்மார்ட் சிட்டியாகத் தேர்வான ஆண்டில் ஊருக்கு மாமன்றமே இல்லை. 2011இல் தேர்வான மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லாமல் மாநகராட்சி நடந்தது. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வேகமெடுத்த காலமும் ஏறத்தாழ அதுவே. பயனாளிப் பட்டியல், நிலத் தேர்வு, வடிவமைப்பு எதைப் பற்றியும் கவுன்சிலரிடம் போய்க் கேட்க வழியில்லை, கவுன்சிலரே இல்லை.

2022 ஜூனில் தமிழக அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளை அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. கிராமசபைக்கு இணையான ஒரு மன்றம் நகரவாசிக்கும் கிடைத்தது பெரிய முன்னேற்றம். குடிநீர், சாலை, தெருவிளக்கு, குப்பை ஆகியவற்றைப் பற்றி அங்கே பேசுகிறார்கள். ஆனால் வாரியம் கட்டப்போகும் குடியிருப்பு பகுதி சபையின் முன் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை.

ஒரு கோப்பு போகும் வழி

வாரியம் ஒரு புறம்போக்கு நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரதமர் திட்டத்தின் முதல் கட்டத்தில், கூட்டுப் பங்களிப்புப் பிரிவில் அதைச் சேர்க்க, குறைந்தது 250 வீடுகள் இருக்க வேண்டியிருந்தது. அவற்றில் 35 சதவீதமாவது ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் போக வேண்டியிருந்தது. அப்பிரிவினருக்கான வீட்டின் உட்பரப்பு 30 சதுர மீட்டர் வரை, அதாவது முந்நூற்றிருபது சதுர அடி சொச்சமாக இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒன்றிய அரசு 1.5 லட்சம் ரூபாய் தந்தது. மாநில அரசு தன் பங்கைத் தந்தது. மீதி, பயனாளியின் பங்குத் தொகை.

அடுத்து அனுமதிகள். நிலம் விவசாயம் என்றோ வேறு பயன்பாடு என்றோ வகைப்படுத்தப்பட்டிருந்தால் நில உபயோக மாற்றம் வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைபடம் அமைய வேண்டும். 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்கான விதிகள் கடுமையானவை. நீர்நிலைக்கு அருகில் என்றால் பொதுப்பணித் துறையின், இன்றைய நீர்வளத் துறையின் கருத்து வேண்டும். விமான நிலையத்தைச் சுற்றி உயரத்துக்குத் தடையின்மைச் சான்று வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே முடியாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை சிறப்பு அனுமதியோடுதான் கட்டலாம். மலைக்கோட்டைக் குடைவரைகளைச் சுற்றியுள்ள நெரிசலான தெருக்களில் இந்த விதிக்குப் பொருள் உண்டு. கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ என்றால் சுற்றுச்சூழல் அனுமதியும் வேண்டும்.

இவை ஒவ்வொன்றும் தேவையான சோதனையே. வெள்ளமும் தீயும் ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை. ஆனால் இந்த நீண்ட வழியில் மக்களின் குரல் நுழையும் வாசல்கள் எத்தனை? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கும் குடியிருப்பு நகரியங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க ஆய்வையும் பொது விசாரணையையும் கேட்கிறது. ஆனால் தனியார் நிலத்தை எடுக்கும்போதுதான் அது பொருந்தும். வாரியம் அரசுப் புறம்போக்கில் கட்டினால் அந்த விசாரணை வராது. நில உபயோக மாற்றத்தில் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வரும். அதைப் படித்து மனு எழுதக்கூடியவர் அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே வீடும் மனையும் வைத்திருப்பவர். புதிய வீட்டில் குடியேறப்போகும் குடும்பம் அப்போது ஊரின் வேறொரு மூலையில் இருக்கிறது. தன் பெயர் ஒரு பட்டியலில் ஏறியிருக்கிறது என்பதுகூட அதற்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஆக, சட்டம் அண்டை வீட்டாரைக் கேட்கிறது, ஆற்றைக் கேட்கிறது, வானூர்தியைக் கேட்கிறது. குடியிருக்கப்போகிறவரைக் கேட்பதில்லை.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே

திருச்சியின் நில அமைப்பு இந்தக் கேள்வியை மேலும் கடினமாக்குகிறது. முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கியிருக்கின்றன. தென்கரையில் சோழர் கால உய்யக்கொண்டான் வாய்க்கால் நகரின் நடுவே ஓடுகிறது. கோரையாறும் குடமுருட்டியும் தெற்கிலும் மேற்கிலும் நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. 1977 நவம்பர் வெள்ளமும் 2005 வெள்ளமும் ஊரின் நினைவில் இருக்கின்றன. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன.

ஊரின் நடுவே மனை விலை எட்டாதபோது ஏழைகள் குடிசை போடும் இடம் நீர்வழிகளின் கரைதான். அங்கிருந்து அவர்களை அகற்றச் சொல்லும் நியாயம் உண்மையானது. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவர்களுடைய அடுப்பு. கரையை விட்டுப் போகச் சொல்வதில் தவறில்லை. எங்கே போகச் சொல்கிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது. கரையில் இருப்பவர் சந்தையில் மூட்டை தூக்குகிறார், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார், சத்திரம் பேருந்து நிலையத்தருகே பூ விற்கிறார். காய்கறி மொத்தச் சந்தையில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். முதல் பேருந்து வருமுன் அங்கே இருந்தாக வேண்டியவருக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்பது வேலை போய்விட்டது என்பதற்குச் சமம்.

ஆற்றைக் கடப்பதன் அருமையை ஸ்ரீரங்கத்தார் அண்மையில் உணர்ந்தார்கள். நகரையும் தீவையும் இணைக்கும் 1976ஆம் ஆண்டுக் காவிரிப் பாலம் 2022 நவம்பர் முதல் 2023 மார்ச் வரை பழுதுபார்ப்புக்காக வாகனங்களுக்கு மூடப்பட்டது. மாற்றுப் பாதையில் சுற்றிப் போகும் செலவையும் நேரத்தையும் அந்த மாதங்களில் எல்லாரும் சுமந்தார்கள். கார் வைத்திருப்பவருக்கு அது எரிச்சல். நாள்கூலி வாங்குகிறவருக்கு அது கூலிக் குறைவு. சில மாதங்களில் பாலம் திறந்துவிட்டது. ஊருக்கு வெளியே வீடு ஒதுக்கப்பட்ட குடும்பத்துக்கோ அந்தச் சுற்றுப்பாதை வாழ்நாள் முழுவதும் நீள்கிறது.

ஸ்ரீரங்கத்துக்குள் வேறொரு முடிச்சு இருக்கிறது. கோயிலின் வெளிச்சுற்றுகளான உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் அவற்றைச் சூழ்ந்த தெருக்களிலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது என்பது கோயில் தரப்பின் நிலை. அனுபவ உரிமை எங்களுடையது என்பது குடியிருப்போரின் நிலை. பத்திரப் பதிவு முடங்கி, அடிமனைப் பிரச்சினை என்ற பெயரிலேயே அது ஊர் அரசியலில் நிலைத்துவிட்டது. சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்வோருக்குப் பிரதமர் திட்டத்தின் முதல் கட்டத்தில் ஒன்றிய அரசின் 1.5 லட்சத்தோடு மாநிலத்தின் 60 ஆயிரமும் சேர்த்து 2.10 லட்சம் ரூபாய் மானியம் கிடைத்தது. அதற்குப் பட்டாவோ உரிமைக்கான வேறு ஆவணமோ காட்ட வேண்டியிருந்தது. அடிமனை தகராறில் இருப்பவரால், ஓட்டு வீடு இடிந்துவிழும் நிலையில் இருந்தாலும், இந்த உதவியை எட்ட முடியவில்லை. கோயிலின் உரிமையும் குடியிருப்பவரின் உரிமையும் மோதும் இடத்தில் சென்னையில் இருக்கும் வாரியத்தால் தீர்வு சொல்ல இயலாது. அறநிலையத் துறையும் வருவாய்த் துறையும் மாநகராட்சியும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் முடியும். அந்த மேசையைப் போட வேண்டிய இடம் மாமன்றம்.

தொலைவின் விலை

ஏழைகளைத் தொலைவில் குடியமர்த்துவதற்கான விலையைச் சென்னை ஏற்கெனவே கொடுத்துவிட்டது. 2000 முதல் பழைய மகாபலிபுரம் சாலையில் எழுந்த கண்ணகி நகரில் 15,656 வீடுகள். அதன்பின் செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம். நகரின் நடுவிலும் கூவம், அடையாற்றுக் கரைகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் இருபது கிலோமீட்டரும் அதற்கு மேலும் தள்ளிக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. பலர் வேலையை இழந்தார்கள். பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவே பள்ளி மாறினார்கள்; சிலர் படிப்பையே விட்டார்கள். பேருந்து, பள்ளி, ரேஷன் கடை, மருத்துவமனை எல்லாம் மக்கள் வந்த பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பள்ளிச் சான்றிதழிலும் வேலை விண்ணப்பத்திலும் அந்த முகவரியே ஒரு தடையாயிற்று என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

நீதிமன்றங்கள் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாழ்வுரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. உரிய அறிவிப்பும் விசாரணையும் இல்லாமல் அப்புறப்படுத்துவது கூடாது என்றது. சென்னைக் குடிசைவாசிகளுக்காக அதே காலத்தில் நடந்த கே. சந்துரு வழக்கில், மாற்று இடம் தரும் கொள்கையைத் தமிழக அரசு தொடரும் என்ற நம்பிக்கையைப் பதிவு செய்தது. தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் 2008இல் ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி தொடர்பான வழக்கில், மக்களை வெளியேற்றும் முன் அவர்களோடு பொருளுள்ள வகையில் கலந்து பேசுவது உள்ளாட்சியின் கடமை என்று தீர்ப்பளித்தது. தில்லி உயர்நீதிமன்றம் 2019இல் அஜய் மாக்கன் வழக்கில் அதே கருத்தை எடுத்துக்கொண்டது.

இத்தீர்ப்புகள் பெரும்பாலும் வெளியேற்றத்தைப் பற்றியவை. இடிக்கும் முன் கேள் என்கின்றன. கட்டும் முன் கேள் என்று சொல்ல ஒரு மன்றம் இன்னும் அமையவில்லை. இடிக்கும் நாளில் கேட்பதால் ஏற்கெனவே கட்டி முடித்த குடியிருப்பின் இடத்தை மாற்ற முடியாது.

கட்டிய பின் வந்த ஆய்வு

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் புதிய வீடுகளின் சுவர்ப்பூச்சு கை பட்டாலே உதிர்ந்தது. மக்கள் குடிவந்த பிறகு காட்சிகள் வெளியே வந்தன; சட்டமன்றத்தில் விவாதம் நடந்தது; சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 1990களில் கட்டிய வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சற்று முன்பே மக்கள் வெளியேறிவிட்டதால் உயிர்கள் தப்பின.

இரண்டு நிகழ்வுகளும் ஒரே குறையைக் காட்டுகின்றன. சுவர் பூசும்போதும் அடித்தளம் போடும்போதும் பார்க்கும் உரிமை குடியிருக்கப்போகிறவருக்கு இருக்கவில்லை. அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கும் இருக்கவில்லை. பராமரிப்பும் அப்படியே. நம் குடியிருப்பு நம் பொறுப்பு என்ற திட்டத்தை வாரியம் 2021-22இல் தொடங்கியது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் பணம் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மோட்டாருக்கும் கழிவுநீர் வெளியேற்றத்துக்கும் மாதம் எவ்வளவு ஆகும், அதைச் செலுத்த அக்குடும்பங்களால் முடியுமா என்ற கணக்கைக் கட்டுவதற்கு முன் போட்டுப் பார்த்தால்தான் அந்தச் சங்கம் நிலைக்கும்.

உள்ளூரைக் கேட்பதிலுள்ள ஆபத்து

உள்ளூர் மக்களைக் கேட்கலாம் என்றதும் எழும் முதல் ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வாரியக் குடியிருப்பு வருகிறது என்றால் அக்கம்பக்கத்து மனைக்காரர்கள் முதலில் பேசுவது விலை குறையும் என்பதை. அடுத்துப் பேசுவது யார் வருகிறார்கள் என்பதை. அந்த இரண்டாவது பேச்சில் சாதி ஒளிந்திருக்கும், சில நேரம் ஒளியாமலே இருக்கும். தெருவும் ஊரும் சாதியால் பிரிந்து நின்ற நிலத்தில் உள்ளூர் ஒப்புதல் என்பது ஏழைகளை வெளியே நிறுத்தும் வேலியாகிவிடலாம். அண்ணல் அம்பேத்கர் கிராமப் பஞ்சாயத்துகளைப் பற்றி எச்சரித்ததன் நியாயம் நகர வார்டுக்கும் பொருந்தும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தச் சிக்கலை அரை நூற்றாண்டுக்கு முன்பே சந்தித்தது. உள்ளூர் மண்டல விதிகளைக் காட்டிப் பணக்காரப் புறநகர்கள் குறைந்த விலை வீடுகளைத் தடுத்துவந்தன. 1969இல் வந்த 40பி என்ற சட்டம் உள்ளூர் வாரியத்தின் ஆய்வை ஒழிக்கவில்லை. அதற்கு எல்லை வகுத்தது. பல அனுமதிகளுக்குப் பதில் ஒரே விண்ணப்பம், ஒரே வாரியத்தின் பொது விசாரணை. ஊரின் மொத்த வீடுகளில் 10 சதவீதமாவது குறைந்த விலை வீடுகளாக இல்லாதபோது, உள்ளூர் மறுத்தால் மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். உடல்நலம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் போன்ற காரணங்கள் ஏழைகளின் வீட்டுத் தேவையைவிட வலுவானவை என்று மெய்ப்பிக்க முடிந்தால்தான் மறுப்பு நிற்கும். அந்தச் சட்டத்தைப் பற்றி அங்கே இன்றும் சர்ச்சை இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படை நமக்கு உதவும்: ஊர் பேசலாம், திருத்தலாம், வருகிறவர் யார் என்பதற்காகத் தடுக்கக் கூடாது.

இந்த மண்ணிலேயே இருக்கும் பாடங்கள்

மக்களைச் சேர்த்துக்கொண்டால் வேலை கெடும் என்பவர்கள் திருச்சியின் கல்மந்தையைப் பார்க்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் கிராமாலயா தொண்டு நிறுவனமும் மாநகராட்சியும் பெண்கள் குழுக்களும் சேர்ந்து அங்கே பொதுக் கழிப்பிடத்தைச் சீரமைத்தார்கள். நடத்தும் பொறுப்பு அந்தக் குடியிருப்பின் பெண்களிடமே போனது. சிறு கட்டணம் வசூலித்து, துப்புரவுக்கும் பழுதுபார்ப்புக்கும் செலவிட்டுக் கணக்கு வைத்தார்கள். திறந்தவெளிக் கழிப்பிடம் அற்ற குடிசைப் பகுதி என்று நாட்டிலேயே முதலாவதாகப் பேசப்பட்ட இடங்களில் கல்மந்தையும் ஒன்றாயிற்று. அந்த ஏற்பாடு நகரின் பல குடியிருப்புகளுக்குப் பரவியது. கட்டடம் மாநகராட்சியுடையது, முடிவும் பொறுப்பும் பயன்படுத்துகிறவர்களுடையது.

அண்டை ஊரான தஞ்சாவூரில் நூறாண்டுகளுக்கு முந்தைய சான்று ஒன்று உண்டு. 1914-15இல் சென்னை மாகாணத்து ஊர்களைப் பார்வையிட்ட ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞரான பாட்ரிக் கெடிஸ், தஞ்சைக் கோட்டைக்குள் நேர்கோட்டில் புதிய தெருக்களை வெட்ட நகராட்சி வைத்திருந்த திட்டத்தைப் பரிசீலித்தார். வீடு வீடாக நடந்து பார்த்து, இடியும் நிலையிலுள்ள சிலவற்றை மட்டும் எடுத்துவிட்டு, காற்றும் வெளிச்சமும் வரச் சிறு திறந்தவெளிகளை உண்டாக்கினால் போதும் என்று காட்டினார். பெரும்பாலான வீடுகள் தப்பும். செலவும் மிகக் குறையும். இடிப்பதற்கு முன் அந்த இடத்தில் நடந்து பார்ப்பதே ஆய்வின் முதல் படி என்பது அவருடைய முறை. 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. கெடிஸின் முறை சட்டமாகவில்லை.

இலங்கையில் 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீடுகள் திட்டம் இன்னொரு வழியைத் திறந்தது. கொழும்பின் சேரிகளில் குடியிருப்போர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. சந்தின் அகலம் எவ்வளவு, மனையின் அளவு எவ்வளவு, பொதுக்குழாய் எங்கே என்பவற்றை அம்மக்களே அதிகாரிகளோடு உட்கார்ந்து அந்தந்த இடத்துக்கான விதிகளாக வகுத்தார்கள். அரசு கட்டித் தருவதைக் குறைத்து, மக்கள் கட்டிக்கொள்ளச் சிறுகடன் தந்தது. குறைகள் இருந்தன. ஆனால் விதியை வகுத்தவரே அதைக் காப்பவரும் ஆனார்.

செய்ய வேண்டியவை

திருச்சியில் இதைத் தொடங்கப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாமன்றத் தீர்மானமும் வாரியத்தோடு ஓர் உடன்பாடும் போதும்.

முதலாவது, நிலம் தேர்வாகும் கட்டத்திலேயே ஓர் இட அறிக்கை வேண்டும். பயனாளிகள் இப்போது வேலை செய்யும் இடத்துக்கும் புதிய இடத்துக்கும் உள்ள தொலைவு, முதல் பேருந்தும் கடைசிப் பேருந்தும் வரும் நேரம், பள்ளியில் காலியிடம், ஆரம்ப சுகாதார நிலையம், 1977, 2005 வெள்ளங்களில் அந்நிலத்தில் நின்ற நீரின் அளவு, மாதப் பராமரிப்புச் செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். நான்கு பக்கத்துக்கு மிகாமல், தமிழில், வார்டு அலுவலகத்திலும் பயனாளிகளின் குடியிருப்பிலும் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, இரண்டு சபைகள் கூட வேண்டும். ஒன்று குடும்பங்கள் இப்போது வாழும் பகுதியில். மற்றது வீடு வரப்போகும் பகுதியில். மாநகர எல்லைக்கு வெளியே நிலம் இருந்தால் அங்குள்ள கிராமசபை. முதல் சபையின் கருத்துக்கே அதிக எடை வேண்டும், ஏனெனில் விளைவைச் சுமப்பவர்கள் அவர்கள்.

மூன்றாவது, ஆட்சேபங்கள் வெள்ளம், வடிகால், சாலை, குடிநீர், பள்ளி ஆகிய பொருள்களைப் பற்றியவையாக மட்டுமே பதிவாக வேண்டும். வருகிறவர்களின் சாதி, மதம், வருமானம் பற்றிய ஆட்சேபத்தை மாமன்றம் ஏற்கவே கூடாது. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் வாரியம் எழுத்தில் பதில் தர வேண்டும். இவை அனைத்தும் 60 நாளில் முடிய வேண்டும். இல்லையேல் தாமதமே மறைமுகத் தடையாகிவிடும்.

நான்காவது, குடியேறிய ஓராண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் மாமன்றம் அந்தக் குடியிருப்பை மறு ஆய்வு செய்ய வேண்டும். எத்தனை வீடுகள் பூட்டியிருக்கின்றன, எத்தனை வாடகைக்குப் போயின, எத்தனை குழந்தைகள் பள்ளியை விட்டார்கள் என்ற கணக்கு அடுத்த திட்டத்தின் இடத் தேர்வுக்கு அடிப்படையாக வேண்டும்.

ஐந்தாவது, ஊர் வளரும் திசையிலேயே ஏழைகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். மாநகராட்சிக்குச் சொந்தமான பஞ்சப்பூர் நிலத்தில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025இல் திறக்கப்பட்டது. புதிய காய்கறிச் சந்தையும் அங்கேதான் திட்டமிடப்பட்டிருக்கிறது. சுமைதூக்குவோரும் துப்புரவுப் பணியாளரும் சிறுகடைக்காரரும் நாளை அங்கேதான் வேலைக்குப் போவார்கள். கோரையாற்று வெள்ளத்துக்குத் தப்பும் மேட்டுப் பகுதியை அளந்து, அதில் ஒரு பங்கை வாடகை வீடுகளுக்கும் சொந்த வீடுகளுக்கும் இப்போதே ஒதுக்கினால் வேலையும் வீடும் அருகருகே அமையும். மனை விலை ஏறிய பிறகு இந்த வாய்ப்பு மீண்டும் வராது.

வீட்டுத் திட்டத்தின் வெற்றியை நாம் இதுவரை எத்தனை வீடு கட்டினோம் என்ற எண்ணால் அளந்துவந்தோம். அந்த அளவுகோல் போதாது என்பதற்குச் சென்னையின் புறநகரமும் திருச்சியின் சந்தையும் சாட்சி. குடியிருக்கப்போகிறவரின் ஒப்புதலோடு இடம் தேர்வாயிற்றா என்பதே இனி முதல் அளவுகோலாக வேண்டும். திருச்சி மாமன்றத்தின் 65 உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு பாராமல் இதற்கான தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும். வாசகர்கள் தங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை எப்போது என்று கேட்டறிந்து, அங்கே போய் இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டும்.